குற்றம் கண்டும் கைவிடாமை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய கல்யாண குணங்கள் எண்ணிறந்தவை. அவற்றுள் பரத்வம், ஸௌலப்யம் என்னும் இரண்டையும் பூர்வாசாரியர்கள் பிரியாமல் இணைத்தே பேசினார்கள். யாவரினும் மேலானவனாய் நிற்கும் மேன்மை பரத்வம். யாவரும் அணுகுதற்கு எளியவனாய் இறங்கி வரும் நீர்மை ஸௌலப்யம். மேன்மை மட்டும் இருப்பின் மேருமலைபோல் எட்டாதிருக்கும். எளிமை மட்டும் இருப்பின் காலில் மிதிபடும் துரும்புபோல் மதிப்பின்றிப் போகும். இரண்டும் ஒருங்கே அமைந்தமையால் அன்றோ அவன் சரண்யன், அதாவது புகலாகத் தக்கவன் எனப்படுகிறான்!

திருவிழா என்பதே இந்த ஸௌலப்யத்தின் வெளிப்பாடு. சந்நிதிக்குள் வந்து சேவிக்க இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அருள்புரியும் பொருட்டு உற்சவர் வாகனமேறி வீதிக்கு எழுந்தருளுகிறார். மாசி மகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரையில் இதனைக் கண்கூடாகக் காணலாம். திண்டிவனத்திலிருந்து பெருமாளும், மயிலத்திலிருந்து முருகப்பெருமானும், இன்னும் பல ஊர்த் திருமேனிகளும் தீர்த்தவாரிக்கு அங்கே எழுந்தருள, மணலில் நிற்கும் ஆயிரக்கணக்கானோர் கையெட்டும் தூரத்தில் நின்று சேவிக்கின்றனர். தெய்வமே இறங்கி வரும் இவ்வூரில், இல்லத்துப் பெரியோர் மட்டும் தம் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் நிற்கலாமா? குற்றம் செய்துவிட்ட பிள்ளை அவர்களிடம் வந்து உண்மையைச் சொல்ல முடியுமா? இவ்வினா இன்று வீடுதோறும் எழுந்து நிற்கிறது.

கைக்குள் வந்த வீதி

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்புகள் கைபேசி வழியே நடந்தன. அதுவரை 'படிக்கிற பிள்ளைக்குக் கைபேசி எதற்கு?' என்று மறுத்த பெற்றோரும் கடன்பட்டேனும் ஒன்றை வாங்கித் தந்தனர். பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது. கைபேசி பிள்ளையின் தலையணை அருகிலேயே தங்கிவிட்டது. தெருவில் நிற்கும் அயலானை வீட்டுத் திண்ணையில் அமரவிடாத குடும்பங்களும், நள்ளிரவில் உலகின் எம்மூலையிலிருந்தும் எவனும் தம் பிள்ளையோடு பேசக்கூடிய ஒரு வாயிலைத் தாமறியாமலே திறந்து வைத்துவிட்டன.

அவ்வாயில் வழியே வரும் ஆபத்து பெரும்பாலும் ஒரே விதமாக நடைபெறுகிறது. இன்ஸ்டாகிராமிலோ கூடி விளையாடும் விளையாட்டிலோ ஒருவன் அறிமுகமாகிறான். தானும் ஒத்த வயதினன் என்கிறான். வீட்டில் யாரும் கேட்காத கவலைகளைக் கேட்கிறான். யாரும் புகழாத முகத்தைப் புகழ்கிறான். சில வாரங்களுக்குப் பின் ஒரு படம் கேட்கிறான். 'பார்த்தவுடன் அழித்துவிடுகிறேன்' என்று வாக்களிக்கிறான். பதினைந்து வயதுச் சிறுமி நம்புகிறாள். அடுத்த நாளே குரல் மாறுகிறது. மேலும் படம் வேண்டும், அல்லது பணம் வேண்டும், அல்லது நேரில் வரவேண்டும். இல்லையேல் அந்தப் படம் தந்தைக்கும் தமையனுக்கும் போய்ச் சேரும் என்கிறான். ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். பெண்ணின் படத்தை முகமூடியாக வைத்துக்கொண்டு பேசும் கூட்டத்தார் சிறுவர்களிடமும் இவ்வாறே படம் பெற்றுப் பணம் பறிக்கின்றனர். ஒரு படமும் அனுப்பாத பிள்ளைகளும் தப்புவதில்லை. பொதுவில் கிடைக்கும் முகத்தை எடுத்து, செயற்கை நுண்ணறிவின் துணையால் வேறோர் உடலில் பொருத்தி மிரட்டும் கொடுமையும் நடைபெறுகிறது.

புதுவையின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு தொடங்கித் தம் இல்லத்தில் எழுதிவந்த நாட்குறிப்பு, அவர் 1761-ல் மறைந்து 80 ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே பிறர் கண்ணில் பட்டது. அந்தரங்கம் என்பது அக்காலத்தில் பெட்டிக்குள் கிடந்தது. கடிதம் எழுதியவனும் அதனை அஞ்சற்பெட்டியில் இடுவதற்குள் மனம் மாறிக் கிழித்தெறிய இடமிருந்தது. இன்றோ எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே விரல் நுனியின் ஒரு தொடுதலே உண்டு. பார்த்ததும் மறைந்துவிடும் என்று சொல்லப்படும் படத்தையும் மற்றொரு கைபேசியால் படமெடுத்துக்கொள்ளலாம். விவேகம் முதிராத வயதும் திரும்பப் பெறவியலாத கருவியும் ஒரு கையில் சேர்ந்தமையே இக்காலத்தின் தனித் துன்பம்.

மிரட்டுவோனின் மூலதனம்

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மிரட்டுவோனிடம் இருக்கும் ஆயுதம் எது? படம் என்றே பலரும் விடை கூறுவர். ஆயினும், 'உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்' என்று அவன் சொல்லும்போது, 'அப்பாவுக்கு நானே சொல்லிவிட்டேன்' என்று ஒரு பிள்ளையால் கூற முடியுமானால், அவ்வாயுதத்தின் முனை பெரிதும் மழுங்கிவிடும். ஆகவே அவனது மூலதனம் படம் மட்டுமன்று. தன் வீட்டைக் குறித்துப் பிள்ளையின் உள்ளத்தில் உள்ள அச்சம். அந்த அச்சத்தை அவன் உண்டாக்கவில்லை. வீட்டார் ஆண்டுக்கணக்கில் அறியாமலே சேர்த்து வைத்ததை அவன் எடுத்துச் செலவழிக்கிறான்.

பொள்ளாச்சி வழக்கு இவ்வுண்மையை நாடறியக் காட்டியது. நட்புப் பேசிப் பழகிய பெண்களை வஞ்சித்து, வன்கொடுமை செய்து, அதனை வீடியோவாகப் பதிந்து வைத்து மிரட்டிவந்த ஒரு கூட்டத்தின் செயல்கள் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளிப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே கொடுமை நடந்துவந்தது, பாதிக்கப்பட்டோர் பலர், எனினும் எவரும் வாய்திறக்க இயலவில்லை. 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி தன் வீட்டாரிடம் நடந்ததைச் சொன்னாள். வீட்டார் அவளைப் பழிக்காமல் அவள் பக்கம் நின்றனர். காவல்துறையில் புகார் அளித்தனர். அந்த ஒரு வீட்டின் கதவு திறந்தமையால் முழுச் சூழ்ச்சியும் வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அதே வழக்கு வேறொன்றையும் காட்டியது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் தொடக்கத்திலேயே வெளியாகிவிட்டது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 மார்ச் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சொல்லத் துணிந்தவளின் பெயரைக் காக்கத் தவறுவது, இன்னும் சொல்லாதிருப்போரின் வாயையும் அடைத்துவிடும். ஒரு குடும்பத்துக்கும் ஒரு தெருவுக்கும் ஊருக்கும் இது பொருந்தும்.

கன்றின் மேல் அழுக்கு

இனி, குற்றம் செய்த பிள்ளையைப் பெரியோர் எவ்வாறு ஏற்பது? வைணவ மரபு இதற்கு வாத்ஸல்யம் என்னும் சொல்லை வைத்திருக்கிறது. வத்ஸம் என்றால் கன்று. ஈன்ற பசு, கன்றின் உடலில் உள்ள அழுக்கைக் கண்டு அருவருத்து விலகுவதில்லை. அதனைத் தன் நாவினாலேயே நக்கித் துடைக்கிறது. இவ்வுவமையை வைத்துப் பூர்வாசாரியர்கள் நுட்பமாக ஆராய்ந்தனர். அடியாருடைய குற்றத்தையே எம்பெருமான் இனியதாகக் கொள்கிறான் என்று ஒரு சாரார் உரைத்தனர். குற்றத்தைக் காணாதிருக்கிறான் என்பதே பொருள் என மற்றொரு சாரார் உரைத்தனர். கருத்து வேறுபட்ட இரு திறத்தாரும் ஒன்றில் ஒத்து நின்றனர்: குற்றம் உண்டு என்பது கைவிடுவதற்குக் காரணம் ஆகாது.

பசுவின் செயலில் கருதத்தக்க மற்றொன்றும் உளது. அது அழுக்கை அப்படியே விட்டுவிடுவதில்லை, துடைக்கிறது. ஆனால் தூய்மையான பின்னர் அருகில் வா என்று கன்றைத் தள்ளி நிறுத்தியும் வைப்பதில்லை. அணைத்துக்கொள்வதும் தூய்மை செய்வதும் ஒரே செயலாய் நிகழ்கின்றன. இல்லத்துப் பெரியோர் பலர் இந்த இடத்தில்தான் தவறுகின்றனர். முதலில் தூய்மை, பிறகு அணைப்பு என்று முறையை மாற்றிக்கொள்கின்றனர். நடுங்கி நிற்கும் பிள்ளையிடம் 'உன்னை யார் அனுப்பச் சொன்னது?' என்று கேட்பது முதற்கேள்வி ஆகிவிடுகிறது. 'குடும்ப மானம் போயிற்று' என்பது இரண்டாவது சொல் ஆகிவிடுகிறது. அதன்பின் அப்பிள்ளை மூன்றாவது சொல்லுக்குக் காத்திருப்பதில்லை.

மன்னித்தால் பிள்ளைகள் துணிந்துவிடுவார்கள். அச்சமே ஒழுக்கத்தின் வேலி அன்றோ என்று வினவுவோர் உண்டு. இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. வேலி வேண்டியதே. இரவில் கைபேசி எங்கே இருக்கவேண்டும், எவரோடு பேசலாம், எதனை எக்காலத்தும் அனுப்பலாகாது என்ற வரம்புகளை வீட்டில் முன்னரே வகுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை. அவ்வரம்பு இன்றி ஸௌலப்யம் மட்டும் இருப்பின் அது துரும்பின் எளிமையாகிவிடும். ஆயினும் வேலியைத் தாண்டிக் கிணற்றில் விழுந்த குழந்தையை மேலே எடுக்கும்முன் வேலியின் பெருமையைப் பேசுவார் இல்லை. வரம்பு கற்பிக்கும் வேளை வேறு. புகல் கொடுக்கும் வேளை வேறு. முதலாவது கருணை, அதனை அடுத்துக் கற்பித்தல்.

காகாசுரன் இழந்த கண்

ஸ்ரீமத் ராமாயணத்தில் காகாசுரன் கதை இதற்குத் தெளிவான சான்று. இந்திரன் மகனான அவன் காக வடிவில் வந்து பிராட்டியை நோகச் செய்தான். பெருமாள் ஒரு புல்லை எடுத்து விட, அது பிரம்மாஸ்திரமாய் அவனைத் துரத்தியது. மூவுலகும் ஓடினான். பெற்ற தந்தையும் கைவிட்டான். முனிவரும் தேவரும் கதவடைத்தனர். போக்கிடம் அற்றவனாய், தான் தீங்கிழைத்த இடத்திலேயே வந்து விழுந்தான். விழுந்தபோதும் முறைப்படி விழத் தெரியாதவனைப் பிராட்டியே எடுத்து, பெருமாள் திருவடியில் தலைபடும்படி கிடத்தினாள் என்று பெரியோர் உருகிச் சொல்வர். உயிர் தப்பியது. எனினும் அஸ்திரம் வீண்போகவில்லை. ஒரு கண் போயிற்று.

இக்கதை மூன்று உண்மைகளைத் தருகிறது. பெருந்தீங்கு செய்தவனுக்கே புகல் கிடைத்ததெனில், வஞ்சிக்கப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சாத்திரம் வல்லார் இதனைக் கைமுதிக நியாயம் என்பர். அனுப்பிய பிள்ளை அறியாமையால் பிழைத்தது. பறித்து மிரட்டியவன் அறிந்தே தீமை செய்தான். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி.

இரண்டாவது, மன்னிப்பு என்பது விளைவின்மை அன்று. இது பெண்ணைப் பெற்றோரைவிட ஆண்பிள்ளையைப் பெற்றோர் ஆழ்ந்து நினைக்கவேண்டியது. தன்னை நம்பித் தரப்பட்ட படத்தை நண்பர் குழுவில் பரப்பிய மகனை, 'வயசுப் பையன், விளையாட்டாகச் செய்துவிட்டான்' என்று மூடி மறைப்பது வாத்ஸல்யம் ஆகாது. எம்பெருமானிடத்துச் செய்யும் அபசாரத்தினும் அவன் அடியாரிடத்துச் செய்யும் அபசாரம் கொடிது என்பது சம்பிரதாயம். அவ்வாறே, தன் மகன் தனக்குச் செய்த குற்றத்தைத் தந்தை பொறுக்கலாம். பிறர் மகளுக்குச் செய்த குற்றத்தைப் பொறுக்க அவருக்கு உரிமையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு, சிறாரின் ஆபாசப் படங்களை வெளியிடுவதையும் அனுப்புவதையும் முதன்முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறும் குற்றமாக வைத்துள்ளது. தனக்கு வந்ததை அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டவனும் இதில் அகப்படுவான். மகனைக் கைவிடாமல் உடன் நின்று, அவன் செய்ததை ஒப்புக்கொள்ளச் செய்து, விளைவை ஏற்கச் செய்வதே தந்தையின் அன்பு. உயிரைக் காத்தவன் கண்ணை வாங்கிக்கொண்டான் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, இடைநின்று பரிந்துரைக்கும் ஒருவர் வேண்டும். பிராட்டியின் இச்செயலைப் புருஷகாரம் என்பர். எல்லாத் தந்தையரிடமும் பிள்ளைகள் நேரே சென்று பேசிவிடுவதில்லை. தாயோ, பாட்டியோ, அத்தையோ, சித்தப்பாவோ, ஆசிரியையோ, 'உனக்கு எது நேர்ந்தாலும் முதலில் என்னிடம் வா' என்று முன்னரே சொல்லி வைத்தவர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கவேண்டும். அவர் இன்னார் என்பது அப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

இரண்டு ரகசியங்கள்

இவ்விடத்தில் தோழமை பற்றிய ஒரு தருமசங்கடம் எழுகிறது. துன்புறும் பிள்ளை வீட்டாரிடம் சொல்வதற்கு முன் பெரும்பாலும் தோழியிடமே சொல்கிறது. 'யாரிடமும் சொல்லக்கூடாது' என்று சத்தியமும் வாங்கிக்கொள்கிறது. அத்தோழி என்ன செய்வது? வாக்கைக் காப்பதா? தோழியைக் காப்பதா?

திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து சென்று மந்திரப் பொருளைப் பெற்றார் எம்பெருமானார். எவர்க்கும் வெளியிடலாகாது என்பது ஆசாரியனின் ஆணை. மீறினால் நரகம். எனினும் அவர் கோயிலின் மேல் ஏறி நின்று, ஆசையுடையோர் அனைவரும் கேட்க அதனை உரைத்தார் என்பது வரலாறு. தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்வர் என்று விடையிறுத்த அவரை, நம்பியே தழுவிக்கொண்டு 'எம்பெருமானார்' என்று அழைத்தார்.

நம்பித் தந்த படத்தைப் பரப்புகிறவனும் ரகசியத்தை உடைக்கிறான். ராமானுஜரும் ஒரு ரகசியத்தை உடைத்தார். வேறுபாடு எங்கே? உடைப்பதன் விலையை எவர் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. முன்னவன் இன்பத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு துன்பத்தைப் பிறர் தலையில் வைக்கிறான். பின்னவர் துன்பத்தைத் தாம் ஏற்று நன்மையைப் பிறர்க்கு வைத்தார். இந்த உரைகல்லைக் கையில் கொண்டால் அத்தோழியின் ஐயம் தீரும். தோழி கோபிப்பாள், சில காலம் பேசாதிருப்பாள் என்ற விலையைத் தான் ஏற்று, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் மட்டும் சொல்வது துரோகம் அன்று, அதுவே நட்பு. அதே செய்தியைச் சுவைக்காக வகுப்பு முழுதும் பேசுவதே துரோகம்.

செய்யத்தக்கவை

பிள்ளை வந்து சொல்லிவிட்டபின் பெற்றோர் திகைத்து நின்றுவிடலாகாது. மிரட்டுவோனுக்குப் பணம் கொடுக்கலாகாது. கொடுத்தால் மேலும் கேட்பான். அச்சத்தில் உரையாடல்களை அழித்துவிடலாகாது, அவையே சான்று. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிக் குற்றங்களைத் தெரிவிக்கும் எண் 1930. காவல் நிலையம் ஏற அஞ்சும் பெற்றோர் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம். இயன்றவரை பெண் அதிகாரியே பதியவேண்டும். அப்போது அவர் சீருடையில் இருத்தல் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடலாகாது. சட்டத்திலும் ஸௌலப்யத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

படம் பரவாமல் தடுக்கவும் வழி பிறந்திருக்கிறது. காணாமற்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் 2023-ஆம் ஆண்டில் 'டேக் இட் டவுன்' என்னும் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்குட்பட்டபோது எடுக்கப்பட்ட படத்தை எங்கும் அனுப்பாமலே, அதற்குரிய எண்வடிவ அடையாளத்தை மட்டும் தன் கைபேசியில் உருவாக்கி அங்கே பதியலாம். இச்சேவையில் சேர்ந்துள்ள இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்கள் அவ்வடையாளத்தைக் கொண்டு படத்தைக் கண்டறிந்து நீக்க இயலும். 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று கலங்கும் பிள்ளைக்கு, முடிந்துவிடவில்லை என்று காட்ட இது ஒன்றே போதும்.

ஆஸ்திரேலிய நாட்டில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் இசைவு தேவை என வகை செய்துள்ளது. இவை நல்லனவே. எனினும் சட்டம் வாயிற்கதவைத்தான் அடைக்கும். உள்ளறையில் விழித்துக் கிடக்கும் பிள்ளையின் அருகில் சென்று அமர்வது சட்டத்தால் ஆகாது. அது தாய் தந்தையரால் மட்டுமே ஆவது.

அச்சுதன் என்னும் திருநாமத்துக்குத் தன்னை அடைந்தாரை நழுவ விடாதவன் என்றும் பொருள் உரைப்பர். விபீஷணன் வந்து நின்றபோது, பகைவனின் தம்பி என்று சுக்ரீவன் ஐயுற்றான். குற்றம் உடையவனே ஆயினும் புகலென்று வந்தவனை விடுவது தமக்கு இயல்பன்று எனப் பெருமாள் அறுதியிட்டார். அப்பெருமாளைத் தோளில் சுமந்து வீதிவலம் வரும் அடியார்கள், அவன் குணத்தில் ஒரு துளியைத் தம் இல்லத்துக்கும் சுமந்து செல்லுதல் தகும். உற்சவம் நிறைவுற்று வீடு திரும்பும் இரவில், ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையிடம் சொல்லத்தக்க வார்த்தை ஒன்றே: 'நீ எந்தத் தவறு செய்திருந்தாலும், எந்த நேரமானாலும், எங்களிடம் வந்து சொல்லலாம், நாங்கள் உன்னை விடமாட்டோம்.' ஆபத்து வந்தபின் சொல்வதைவிட, இன்றே சொல்லி வைப்பது நன்று.

சுபம்.